கல்லூரி வாசலும் நம் வீட்டு வாசலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் என்னை அழைத்து, “நீங்களும் சில சொற்கள் கூற வேண்டும்” என்றார். நான் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி அலுவலகத்தில் பதிவேடு எழுதும் குமாஸ்தா. இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆகவே நான் நாள்தோறும் நடந்து போகும் ஒரு வழியைப் பற்றிப் பேசுகிறேன். மைசூர்ப் பல்கலைக் கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்கள், கட்டடங்கள், சிலைகள், சிற்றுண்டிச் சாலைகள் ஆகியவையே என் பொருள்.

‘அவற்றுக்கும் நம் குடியிருப்புக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. அதனை விளக்க ஒரு நிகழ்ச்சியை முதலில் கூற வேண்டும்.

நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவன். பெயர் வேண்டா. பியூசி தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றான். ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. அவன் தாய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு வழங்கினாள். நான்கு திங்கள் சென்றபின் அவன் கல்லூரிக்குப் போவதில்லை என்று தெரிய வந்தது. காலையில் புத்தகப் பையோடு புறப்படுவான், மாலையில் திரும்புவான். இடைப்பட்ட நேரத்தை எங்கே கழித்தான் என்பது வீட்டாருக்குத் தெரியாது. ஒரு நாள் பிற்பகலில், கடைத்தெரு மதுக்கூடம் ஒன்றின் வாசலில் அவனை நான் கண்டேன். அவனை அழைத்துக்கொண்டு நடந்தேன். நெடுநேரம் பேசாதிருந்தவன் இறுதியில் ஒன்று சொன்னான்: “மாமா, அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அது நமக்காகக் கட்டினது இல்லை.”

அன்பர்களே! அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில், அந்தப் பிள்ளைக்கிருந்த அச்சம் எனக்கும் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் மகாராஜா கல்லூரியின் மதில் ஓரமாக நடந்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. தடுத்தவர் எவருமில்லை, நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு விண்ணப்பத் தாள் வாங்குவதற்காகவே முதன்முதலில் ஒரு கல்லூரிக்குள் நுழைந்தேன். அன்று திரும்பும் வழியில் அவள் பழைய கட்டடம் ஒன்றன் சுவரைக் காட்டி, “அப்பா, மேலே இருக்கும் இந்த உருவங்கள் யாருடையவை?” என்று கேட்டாள். என்னால் விடை கூற இயலவில்லை. இருபதாண்டு நடந்த தெருவைப் பற்றி ஒரு சொல்லும் அறியேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நம் நடையைப் புகைவண்டி நிலையத்திலிருந்து தொடங்குவோம். பெங்களூரிலிருந்து இருப்புப்பாதை மைசூரை வந்தடைந்தது 1882 ஆம் ஆண்டில். அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1916 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27 ஆம் நாள் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசர், விசுவேசுவரய்யா திவான். பிரிட்டிஷாரின் நேராட்சிக்கு வெளியே, ஓர் இந்திய அரசரின் நாட்டில் எழுந்த முதற் பல்கலைக் கழகம் இதுவே. புதிய பல்கலைக் கழகத்திற்கு மேடை மண்டபம் ஏது? தொடக்க காலப் பட்டமளிப்பு விழாக்கள் ஜகன்மோகன அரண்மனையில் நடந்தன. அரசர் அமரும் கூடத்திலே குடிமக்களின் பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்நாளில் தத்துவம் கற்பிக்க வந்தவர் திருத்தணியிற் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1918 இல் வந்தார். 1921 இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அழைக்க, விடைபெற்றார். அவர் புறப்பட்ட நாளில் மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூக்களால் அணி செய்த வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு நிலையம் வரை சென்றார்கள் என்பது இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. நாம் பயணச் சீட்டும் மூட்டையுமாக ஓடும் அதே நிலையத்திற்கு ஓர் ஆசிரியரை மாணவர் இழுத்து வந்தனர். பின்னாளில் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதனைக் குழந்தைகளுக்குக் கூறினால், அந்த நிலையமே ஒரு பாடமாகிவிடும்.

நிலையத்திலிருந்து ஜான்சி லட்சுமிபாய் சாலை வழியே தெற்கே நடந்தால் இராமசாமி சதுக்கம் வரும். பேருந்து நடத்துநர் கூவும் பெயராகவே அதனை நாம் அறிவோம். யார் அந்த இராமசாமி? அரசரோ அமைச்சரோ அல்லர்; பள்ளி மாணவர். நாடு விடுதலை பெற்ற 1947 இல், மைசூர் அரசில் மக்கள் பொறுப்பாட்சி வேண்டும் என்று ‘மைசூர் சலோ’ என்னும் கிளர்ச்சி எழுந்தது. அதில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர் அவர். அரசர்களுக்குப் பளிங்குச் சிலையும் மண்டபமும் எழுப்பிய இந்நகரம், ஒரு மாணவனுக்குத் தன் முதன்மையான நாற்சந்தி ஒன்றையே நினைவுச் சின்னமாக்கியிருக்கிறது. மாணவர் நடமாடும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேறேது?

அடுத்து மகாராஜா கல்லூரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1833 இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே அதன் வேர். இன்று நாம் காணும் பழைய கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், மரநிழல். இவற்றைக் கண்டுதான் நம் பிள்ளை அஞ்சினான். இப்படிப்பட்ட கூரையை ஏன் இத்துணை உயரத்தில் அமைத்தார்கள்? மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற வேண்டும் என்பதற்காக. தாழ்வாரம் ஏன் அகலம்? வெயிலும் சாரலும் வகுப்பறைச் சுவரைத் தொடாதிருக்க. பெருமை காட்டுவது மட்டும் நோக்கமன்று. உள்ளே அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு வியர்க்கக் கூடாது என்னும் கருத்தும் அதில் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் உயரம் அச்சுறுத்துவதில்லை.

அக்கல்லூரியில் பயின்றவர்களில் நம் மொழியினர் பலர். சென்னையிற் பிறந்த ஆர். கே. நாராயண் 1930 இல் அங்கே பட்டம் பெற்றார். முதல் முயற்சியிலேயே தேறியவரல்லர். பல்கலைக் கழக நுழைவுத் தேர்வில் தவறி, ஓராண்டு வீட்டில் இருந்தவர். அந்த ஓராண்டில் விரும்பியதையெல்லாம் படித்தார். 1935 இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. மால்குடி என்னும் ஊர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. தேர்வில் தவறியவனை உலகம் முடிந்ததாகக் கருதும் பெற்றோர் அவ்வீட்டிற்குத் தம் பிள்ளையோடு ஒருமுறை சென்று வருதல் நன்று.

இன்னொருவர் ஏ. கே. இராமானுஜன். 1929 இல் இந்நகரிற் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் இப்பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியர். வீட்டில் அன்னையின் தமிழ், தெருவில் கன்னடம், தந்தையின் படிப்பறையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளர்ந்தார். பிற்காலத்தில் சிக்காகோவில் பணியாற்றுகையில், 1962 இல், நூலகத்தின் கீழ்த்தளத்தில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணிற் பட்டது. அதிலிருந்து பிறந்த மொழிபெயர்ப்பு நூல் 1967 இல் வெளிவந்து, சங்கப் பாடல்களை மேனாட்டார் இன்புற்றுப் படிக்கச் செய்தது. அவர் கன்னடத்திலும் சிறந்த கவிஞர். ‘கன்னடம் படித்தால் தமிழ் போய்விடுமோ’ என்று அஞ்சும் நம்மவர்க்கு இவர் வாழ்க்கையே விடை. தெருவின் மொழியைக் கற்றவரே வீட்டின் மொழியையும் உலகறியச் செய்தார்.

இனி, என் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவள் காட்டிய சுவர் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்தின் சுவர். விக்டோரியா அரசியாரின் ஐம்பதாண்டு ஆட்சி விழாவின் நினைவாக எழுந்தமையால் அதற்கு ஜூபிலி கட்டடம் என்று பெயர். 1891 முதல் அங்கே ஓலைச் சுவடிகள் சேர்க்கப்பட்டன. தூண்கள் மேனாட்டுப் பாணியின. சுவரிற் புடைத்து நிற்கும் உருவங்களோ நம் புராணக் கதைகளைச் சேர்ந்தவை. பூட்டிய மாளிகைக்குள் வைக்காமல், தெருவிற் போவோர் வருவோர் எல்லாரும் காணும்படி வெளிச்சுவரில் வைத்த கலை அது. கட்டணம் இல்லை, காவலனின் இசைவும் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும். இருபதாண்டும் நான் குனிந்தே நடந்தேன் என்பதுதான் குறை.

அக்கட்டடத்துள் நிகழ்ந்தது அதைவிடப் பெரியது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஒரு சுவடிக் கட்டை அங்கே கொண்டுவந்து கொடுத்தார். அது கிரந்த எழுத்தில் அமைந்தது. நூலகராயிருந்த ருத்ரபட்டண சாமசாஸ்திரியார் 1905 இல் அதனைப் படித்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டறிந்தார். நூலின் பெயர் மட்டும் வழங்கிவர, நூல் மறைந்தது என்று அறிஞருலகம் எண்ணியிருந்த காலம் அது. 1909 இல் மூலத்தைப் பதிப்பித்தார். 1915 இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பண்டை இந்தியாவின் ஆட்சிமுறை பற்றி உலகம் கொண்டிருந்த கருத்தே மாறிற்று.

அன்பர்களே! தஞ்சையிலிருந்து வந்த சுவடி; மைசூரின் அறிஞர்; கன்னட நாட்டு அரசரின் நூலகம். இதில் எது யாருடையது என்று பிரிப்பீர்கள்? பிழைப்புத் தேடி வந்த நாமும் அந்தச் சுவடியைப் போல் எல்லை கடந்து வந்தவர்களே. நம்மையும் யாரேனும் எடுத்துப் படித்தால் பொருள் விளங்கும். அதற்கு நாமும் அந்த வாசலுக்குச் செல்ல வேண்டும்.

அங்கிருந்து நடந்து சென்றால் கிராஃபோர்டு மண்டபம். 1947 ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கட்டடம் பல்கலைக் கழகத்தின் தலைமை அலுவலகம். பல்கலைக் கழக முத்திரையில் இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டத்தைக் காணலாம். மைசூர் அரசின் சின்னமும் அதுவே. இன்று கருநாடக அரசின் சின்னமும் அதுவே. பேருந்திலும் அரசுத் தாளிலும் நாள்தோறும் காணும் அப்பறவையைச் சுட்டிக் காட்டினால், சிறு குழந்தையும் மறவாது.

சற்று அப்பால் குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864 இல், பாசனத்திற்காக அமைந்த ஏரி. இன்று பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கன்னட மகாகவி குவெம்பு நடந்த கரை அது. மகாராஜா கல்லூரியில் மாணவராகவும் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்த அவர், 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக விளங்கினார். ஏரிக்கு அப்பால் 1960 இல் திறக்கப்பெற்ற பட்ட மேற்படிப்பு வளாகத்திற்கு ‘மானச கங்கோத்திரி’ என்று பெயரிட்டவரும் அவரே. மனத்தின் கங்கை ஊற்றெடுக்கும் இடம் என்பது பொருள். ஆற்றுக்குத் தோன்றுமிடம் இருப்பதுபோல் அறிவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அவ்வளாகத்தில் ஜெயலட்சுமி விலாசம் என்னும் மாளிகை உண்டு. இளவரசி ஜெயலட்சம்மண்ணிக்காக 1905 இல் எழுந்தது. 125 அறைகள், 300 சாளரங்கள், 287 கதவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கெழுதும் தொழிலன் ஆதலால் இந்த எண்கள் என் நினைவில் நின்றுவிட்டன. 1959 இல் அது பல்கலைக் கழகத்துக்காக வாங்கப்பட்டது. பின்னர் அதனுள் நாட்டுப்புறக் கலைக் காட்சிச்சாலை அமைந்தது. எண்ணிப் பாருங்கள்: இளவரசிக்குக் கட்டிய அறைகளில் உழவனின் கருவியும், தோற்பாவைக் கூத்தாடியின் பாவையும், யட்சகான நடிகனின் முடியும் இடம்பெற்றன! நம் பாட்டனார் கையாண்ட பொருள்களைப் போன்றவையே அவை. பழுது பார்க்கும் பணிக்காக மூடியிருக்கும் காலமும் உண்டு. அப்போதும் வெளியே நின்று முகப்பைக் காணலாம்.

அதே மானச கங்கோத்திரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. 1969 இல் தொடங்கியது. தமிழ் 2004 இல் செம்மொழியாக அறிவிக்கப்பெற்ற பின், அதற்கான உயராய்வு மையம் 2006 இல் முதலில் தொடங்கியது இங்கேதான். 2008 இல் அது சென்னைக்குச் சென்றது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் 1966 முதல் மைசூரிலேயே உள்ளது. சோழரும் பாண்டியரும் கல்லில் வெட்டிய செய்திகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இவ்வூரில் காக்கப்பட்டு வந்தன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்றம் 2021 இல் ஆணையிட்டது. ஆக, நம் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் தமிழுக்கு இத்துணைப் பணிகள் நடந்திருக்கின்றன. நாமோ, ‘தமிழ் எல்லாம் அங்கே, பிழைப்பு மட்டும் இங்கே’ என்று எண்ணியிருந்தோம்.

இனி, சிற்றுண்டிச் சாலைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் வருவோம். கல்லூரி இருக்குமிடத்தில் இளைஞர் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். வகுப்பில் கேட்டது மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும்போதுதான் செரிக்கிறது. கல்கத்தாவில் பிரசிடென்சி பல்கலைக் கழகத்திற்கு எதிரே ஆல்பர்ட் மண்டபத்தில் உள்ள காப்பிக் கடை அத்தகையது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ‘ஈகிள்’ என்னும் பழைய மதுவிடுதி உண்டு. 1953 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் நண்பகலில் பிரான்சிஸ் கிரிக் என்னும் அறிஞர் அங்கே நுழைந்து, தாமும் வாட்சனும் உயிரின் அடிப்படைப் பொருளாகிய டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுவிட்டதாக அறிவித்தாராம். நம் இளைஞர் சிலர் இதனைச் சுட்டி, ‘அங்கே அறிவு பப்பில் பிறந்தது, இங்கே ஏன் குறை கூறுகிறீர்கள்?’ என்று வாதாடக்கூடும். அறிவு பிறந்தது ஆய்வுக்கூடத்தில். விடுதியில் அறிவித்தார்கள், அவ்வளவே! அவர்கள் நாள்தோறும் சேர்ந்து உண்டு, சேர்ந்து பேசினார்கள். பயன் தந்தது அந்தக் கூட்டுறவு, கோப்பையன்று.

மைசூரில் அந்தக் கூட்டுறவுக்கு நாம் நெடுங்காலமாகக் காப்பியைக் கருவியாகக் கொண்டிருக்கிறோம். ஒரு காப்பியை இருவர் பகிர்ந்து பருகும் ‘பை டூ’ என்னும் வழக்கத்தை இந்நாட்டில்தான் நான் கற்றேன். பையில் காசு குறைந்த மாணவர் இருவர் அரைக் கோப்பைக் காப்பியோடு ஒரு மணி நேரம் பேசியிருப்பதைக் கண்டிருக்கிறேன். கடைக்காரரும் முகஞ் சுளிப்பதில்லை. மசால் தோசையின் மணத்தில் எத்தனையோ நட்புகள் வளர்ந்திருக்கும்.

ஆயினும் உண்மையை மறைக்க வேண்டா. பெங்களூரில் 1980களின் இறுதியில் பரவிய பப் நாகரிகம் இந்நகரத்தையும் எட்டியிருக்கிறது. கல்விக்கூடத்திற்கும் கோயிலுக்கும் 100 மீட்டருக்குள் மதுக்கடைக்கு உரிமம் கூடாது என்று கருநாடக ஆயத்தீர்வை விதி கூறுகிறது. நல்ல விதி, காக்க வேண்டிய விதி. ஆனால் நூறு மீட்டரை நடந்து கடக்க ஓர் இளைஞனுக்கு எவ்வளவு நேரமாகும்? நான் முதலிற் கூறிய பிள்ளையிடம், “கல்லூரிக்குள் நுழைய அஞ்சிய நீ இங்கே நுழைய அஞ்சவில்லையா?” என்று கேட்டேன். “இங்கே யாரும் என் ஆங்கிலத்தைக் கவனிப்பதில்லை, மாமா. நீ எந்த ஊர், உன் அப்பா யார் என்றும் கேட்பதில்லை” என்றான். பெரியோர்களே! குடியைக் கண்டித்து ஆயிரம் சொற்பொழிவு செய்யலாம். ஆனால் மதுக்கூடம் அவனுக்குக் காட்டிய வரவேற்பை நாமும், நாம் பழக்காத அந்தக் கல்விச் சூழலும் அவனுக்குக் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றொரு கவலையும் உண்டு. இக்கட்டடங்கள் என்றும் நிற்கும் என்று எண்ண வேண்டா. கடைத்தெருவில் 1892 இல் எழுந்த லேன்ஸ்டவுன் கட்டடம் பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. முழு விலை கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் பாடநூல் வாங்கிய இடம். 2012 ஆகஸ்டில் அதன் கூரையின் ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்தனர். இடிப்பதா, புதுப்பிப்பதா என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2016 இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. 2022 இல் மகாராணி அறிவியல் கல்லூரியின் நூறாண்டு கடந்த கட்டடத்தின் ஒரு பகுதி வீழ்ந்தது. சுண்ணச் சாந்தால் கட்டிய சுவர்களுக்கு நீர்தான் பகை. ஓடு விலகினால் மழைநீர் இறங்கும். விரிசலில் அரச விதை முளைக்கும். வேர் கல்லைப் பிளக்கும். ஆண்டுக்கொரு முறை ஓடு மாற்றிச் செடி களைந்தால் தடுக்கக்கூடிய அழிவு இது. மேலதிகாரிகளின் பொறுப்பு ஒருபுறம் இருக்க, சுவரொட்டி ஒட்டாமையும், பெயர் கீறாமையும், எச்சில் துப்பாமையும் நம் கையில் உள்ளவை. தன்னுடையது என்று கருதுவதை எவனும் கீறுவதில்லை. பிறருடையது என்று கருதுவதால்தான் கீறுகிறான்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். திங்களுக்கு ஒரு ஞாயிறு, இராமாபுரத்திலிருந்து நம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்படுவோம். எட்டு வயதுக் குழந்தையும் வரலாம். நிலையத்தில் இறங்கி, இராமசாமி சதுக்கம் வழியே நடந்து, கல்லூரித் தாழ்வாரத்தைக் கண்டு, ஜூபிலி கட்டடச் சுவரை நிமிர்ந்து நோக்கி, ஏரிக்கரையில் கட்டுச்சோறு உண்டு திரும்புவோம். பெயர்ப்பலகைகளைக் குழந்தைகளே கன்னடத்தில் படித்துக் காட்டட்டும். அறியாத பெரியவர்களும் கற்றுக்கொள்ளட்டும். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் வழிகாட்டட்டும். முதலாண்டு சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னரே பயின்ற ஒருவர் துணை நிற்கட்டும். வகுப்பு விட்டால் ஒரு ‘பை டூ’ காப்பிக்கு அழைத்துச் செல்லும் அண்ணனோ அக்காவோ இருந்தால், நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கடை அவனை இழுக்காது. இதற்குப் பெருந்தொகை வேண்டா, உண்டியலும் வேண்டா. நல்ல செருப்பும் நல்ல மனமும் போதும்.

பத்து ஆண்டு பழகிய வாசலில் நுழைய எந்தப் பிள்ளை அஞ்சுவான்? நம் வீட்டு வாசற்படியில் தவறி விழுந்து எழுந்துதானே நடை பழகினோம்! கல்லூரி வாசலும் அப்படிப் பழக வேண்டும். பதினெட்டாம் வயதில் ஒரே நாளில் பழகு என்றால் இயலுமா?

அந்தப் பிள்ளை இப்போது என்ன ஆனான் என்று நீங்கள் கேட்பீர்கள். பகலில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மானச கங்கோத்திரிக்கு அருகே முக்த கங்கோத்திரி என்னும் இடத்தில், 1996 இல் தோன்றிய கருநாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் உள்ளது. சென்ற ஆண்டு அதில் பெயர் பதிவு செய்துகொண்டான். விண்ணப்பம் கொடுக்க நானும் உடன் சென்றேன். வாசலில் அவன் சற்றே நின்றான். நானும் நின்றேன். இருவரில் எவருக்கு அச்சம் மிகுதி என்று இன்றும் சொல்ல இயலாது. பிறகு இருவரும் ஒன்றாகவே உள்ளே சென்றோம். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் அமர்ந்து அவன் என்னிடம், “மாமா, அடுத்த முறை நானே போய்க்கொள்வேன்” என்றான்.

அந்த ஒரு சொல்லை நம் குடியிருப்பின் ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குத் துணை செய்வது நம் கடமை. 

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை ஆதரிக்கும் கன்னட நாடு! வளர்க நம் சங்கம்!